பெரியகடையில் ஒரு பழைய கடைக்கட்டிடத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு மேல்மாடியோடு கூடிய பழைய கடைக்கட்டிடம் இருக்கிறது. பூட்டன் 1890இல் கட்டினார் என்பது வீட்டுக் கதை. முகப்பில் 1936 என்று பொறித்திருக்கிறது. பார்க்க வந்த பொறியியலாளர் 1950களுக்குப் பிந்தியது என்கிறார். எது சரி? இடித்துக் கட்ட முன்னர் அதன் வரலாற்றை எப்படி எழுதி வைப்பது?

மூன்று ஆண்டுகளும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். குடும்பம் சொல்லும் ஆண்டு பெரும்பாலும் வியாபாரம் தொடங்கிய ஆண்டு, அல்லது காணி கைக்கு வந்த ஆண்டு. முகப்பில் உள்ளது முகப்புக் கட்டிய ஆண்டாக இருக்கும். பொறியியலாளர் பார்த்தது மேல்தளத்துக் கொங்கிறீற்றை. இவற்றை ஒன்றோடொன்று மோதவிடாமல் தனித்தனியே நிறுத்திப் பார்த்தால்தான் கட்டிடத்தின் கதை வெளியே வரும்.

கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதியில் நிற்கும் கார்கில்ஸ் கட்டிடம் இதற்கு நல்ல உதாரணம். கம்பனி தொடங்கியது 1844இல். இன்று காணும் செங்கல் மாளிகையை எட்வேர்ட் ஸ்கின்னர் வடிவமைத்தார், வோக்கர் சன்ஸ் கட்டியது, 1906இல் வேலை முடிந்தது. ஆனால் அதே இடத்தில் முன்பு ஒல்லாந்தத் தளபதி ஒருவரின் வீடு இருந்ததால், 1684 என்று ஆண்டு பொறித்த பழைய சின்னம் ஒன்றையும் அந்த வாசலில் காணலாம். நிலத்துக்கு ஓர் ஆண்டு, தொழிலுக்கு ஓர் ஆண்டு, சுவருக்கு ஓர் ஆண்டு. இவ்வளவு ஆவணம் உள்ள கட்டிடத்திலேயே இப்படியென்றால், எரிந்தும் இடம்பெயர்ந்தும் வந்த யாழ்ப்பாணக் கடைத்தெருவில் கேட்க வேண்டுமா? நம்முடைய மணிக்கூட்டுக் கோபுரமும் அப்படித்தான். அது நினைவுகூருவது வேல்ஸ் இளவரசரின் 1875ஆம் ஆண்டு இலங்கை வருகையை. கோபுரம் எழுந்து முடிந்தது 1882இல்.

வேலையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள், பிறகு காணி உறுதிப் பத்திரங்களுக்குப் போங்கள். பலர் மாறிச் செய்கிறார்கள். உறுதி காணியைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பேசும். கட்டிடத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசுவது அபூர்வம். அந்த ஒரு வரியில் எதைத் தேடுவது என்பது கட்டிடத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

முதலில் காலச் சட்டகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் கோட்டை 1658இல் ஒல்லாந்தரிடமும் 1795இல் ஆங்கிலேயரிடமும் போனது. ஒல்லாந்தர் காலத்து நகரம் கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதிப் பக்கம் இருந்தது. கடைத்தெரு வடக்கே, வண்ணார்பண்ணையை நோக்கி வளர்ந்தது. புகையிலை, பனைமரம், சங்கு என்று வெளியே போன பொருட்களும் செட்டிமாரின் வட்டிப்பணமும் சோனகதெரு முஸ்லிம் வியாபாரிகளின் கடைகளும் கன்னாதிட்டிப் பொற்கொல்லர்களும் சேர்ந்து உண்டாக்கிய தெரு அது. 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கிய பின் இரும்பும் கண்ணாடியும் கப்பலை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதே தலைமுறையில் மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போனவர்களின் பணமும் பென்சனும் ஊருக்குள் வந்தன. 1949இல் நகரம் மாநகரசபையானது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்தக் காரணங்களால், பெரியகடையில் நிற்கும் பழைய கட்டிடம் ஒன்றை 20ஆம் நூற்றாண்டின் முதல் அரைவாசிக்குரியது என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. அதற்கு முந்தியது என்றால் ஆதாரம் காட்ட வேண்டும், விருப்பம் போதாது.

இனிச் சுவர். பூச்சு உதிர்ந்திருக்கும் ஓரிடத்தைத் தெரிவுசெய்யுங்கள். மேல்மாடிப் படிக்கட்டின் அடிப்பக்கமும் பின் சுவரில் கிணற்றுப் பக்கமும் நல்ல இடங்கள். தெருப் பக்கம் அடிக்கடி திருத்தப்பட்டிருக்கும். பழைய சுவர் கடற்பவளப் பாறையான முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த ஒழுங்கற்ற கல்லுக்கட்டாக, 18 முதல் 24 அங்குலம் வரை தடிப்பாக இருக்கும். கதவு நிலையின் பக்கவாட்டில் நாடாவை வைத்தால் தடிப்புத் தெரிந்துவிடும். 9 அங்குலம் என்றால் செங்கல், 6 அங்குலத்துக்குக் கிட்ட என்றால் சீமெந்துக் கல். ஒரே கட்டிடத்தில் இந்த மூன்றும் இருந்தால், எந்தச் சுவர் எந்தச் சுவரில் பிணைந்திருக்கிறது, எது வெறுமனே ஒட்டி நிற்கிறது என்று மூலைகளில் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக வெடிப்பு ஓடினால் இரண்டு சுவரும் இரண்டு காலத்தவை. ஒட்டி நிற்பதுதான் பிந்தியது.

கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தை ஆணியால் கீறுங்கள். சுண்ணாம்புச் சாந்து வெள்ளையாக மாப்போல உதிரும். இடையில் சிப்பித் துண்டுகளும் கரையாத சுண்ணாம்புக் கட்டிகளும் தெரியும். சீமெந்துச் சாந்து சாம்பல் நிறமாக, ஆணியை எதிர்க்கும். அமிலத் துளி விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்று சிலர் சொல்லித் தருவார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சோதனை உதவாது. நமது கல்லே சுண்ணாம்புக்கல். மணலில் சிப்பித்தூள் உண்டு. பழைய சீமெந்தும் கொஞ்சம் நுரைக்கும். எல்லாமே நுரைத்தால் எதைப் பிரித்தறிவது?

சுண்ணாம்புச் சாந்து கண்டவுடன் நூறு ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். உள்ளூர்ச் சீமெந்து மலிவாகக் கிடைக்கும்வரை மேசன்மார் சுண்ணாம்பை விடவில்லை. பூச்சு வேலையில் அதற்குப் பிறகும் பாவித்தார்கள். ஆகவே சுண்ணாம்பு ஒரு தளர்வான எல்லையையே தரும். அத்திவாரத்திலிருந்து கூரைவரை தடித்த கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே என்றால் 1950க்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம், அவ்வளவுதான்.

கூரைக்கு ஏறுங்கள். அரைக்குழாய் வடிவப் பீலி ஓடா, கள்ளிக்கோட்டைத் தட்டோடா? ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டோட்டை மங்களூரில் பாசல் மிஷன் ஆலை 1865இல் செய்யத் தொடங்கியது. அதன்பின் மலையாளக் கரையெங்கும் ஆலைகள் வந்தன. ஓட்டைப் புரட்டினால் அடியில் ஆலையின் பெயரும் ஊரும் இருக்கும். பாசல் மிஷன் பெயர் என்றால் முதலாம் உலகப்போர்க் காலத்துக்கு முந்திய உற்பத்தி. போருக்குப் பின் அந்த ஆலைகள் கொமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போய்விட்டன. அந்தப் பெயர் இருந்தால் 1919க்குப் பிந்தியது. இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஓட்டில் ஓர் ஆண்டு இருந்தால் அது ஆலை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். மற்றது, ஓடு கழற்றி மாட்டக்கூடிய பொருள். 1964 டிசம்பர்ப் புயலிலும் பிறகு ஷெல்லடியிலும் உடைந்த கூரைகளுக்குக் கிடைத்த இடத்து ஓடெல்லாம் போனது. ஆகையால் ஓர் ஓட்டைப் பார்க்காதீர்கள். நாலைந்து இடத்தில் பத்துப் பத்தாகப் புரட்டி, எந்த ஆலையின் பெயர் அதிகம் என்று எண்ணுங்கள். முகட்டருகிலும் தாழ்வாரத்திலும் வேறு வேறு பெயர் வந்தால், தாழ்வாரம் பின்னர் மாற்றப்பட்டிருக்கும். மழையும் குரங்கும் முதலில் கெடுப்பது அதைத்தான்.

ஓட்டோடு கூரை மரத்தையும் பாருங்கள். தீராந்தி, வளை, கைமரம், சலாகை எல்லாமே பனை என்றால் பழைய உள்ளூர் வேலை. முற்றிய பனையின் வெளிவைரம் கறுத்து, நடுவில் மஞ்சள் கோடுகளோடு இரும்புபோல இருக்கும். ஆணி இறங்காது, துளைத்துத்தான் அடிக்க வேண்டும். தேக்குப் பலகையில் மேல்தளம் போட்டிருந்தால் அது பர்மாத் தேக்காக இருக்க வாய்ப்புண்டு. வடபகுதிப் பாய்க்கப்பல்கள் பர்மாவுக்குப் போய்வந்த வியாபாரம் 1942இல் ஜப்பானியர் அங்கே நுழைந்ததோடு அறுந்தது. ஆணியையும் கவனியுங்கள். சதுரமாக, நுனி நோக்கி ஒடுங்கும் ஆணி பழையது. உருண்டைக் கம்பி ஆணி 20ஆம் நூற்றாண்டின் வழக்கம். ஒரு தீராந்தியில் பயன்படாத துளையும் வெட்டுப் பொருத்தும் காணப்பட்டால், அந்த மரம் வேறொரு கட்டிடத்தில் இருந்து வந்தது. நமது ஊரில் மரத்தை யாரும் வீணாக்கியதில்லை என்பதால் இது மிகச் சாதாரணம். கட்டிடத்தின் வயதை மரத்தின் வயதிலிருந்து கணிப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

வாசலைப் பார்க்க மறக்கக் கூடாது. உருளும் இரும்புக் கதவு வருவதற்கு முன்னர் கடைகளை நெடும்பலகைகளால் அடைத்தார்கள். ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் உண்டு. மேலேயும் கீழேயும் உள்ள தவாளிப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகுவார்கள். பலகைகள் போய்விட்டாலும் வாசற்படிக் கல்லில் தவாளிப்பு எஞ்சியிருக்கும், சீமெந்தால் நிரப்பியிருந்தாலும் நிற வேறுபாடு காட்டிக்கொடுக்கும். படிக்கல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தால் அந்த வாசல் நீண்டகாலம் அதே இடத்தில் இருந்திருக்கிறது. முன் விறாந்தையின் தூண்கள் இப்போது கடைக்குள்ளே சுவரில் புதைந்து நின்றால், விறாந்தை பின்னர் அடைக்கப்பட்டு வியாபார இடமாகியிருக்கிறது.

முகப்பில் உள்ள 1936ஐ அந்த முகப்புக்கு மட்டும் உரியதாக எடுங்கள். 1930கள் முதல் 1950கள் வரை நேர்கோட்டுப் பட்டிகள், வளைந்த மூலை, நடுவில் உயர்ந்த தட்டு என்ற புதுப் பாணியில் பழைய கடைகளுக்கு முன்சுவர் எழுப்பும் வழக்கம் இருந்தது. சரிபார்ப்பது எளிது. மேல்மாடியில் ஏறி முகப்புச் சுவரின் பின்புறத்தைப் பாருங்கள். பழைய தாழ்வாரத்தின் சரிவு முகப்புக்குப் பின்னால் மறைந்து கிடந்தால், கட்டிடம் முகப்புக்கு மூத்தது.

இரும்பும் கொங்கிறீற்றும் ஆண்டைக் கொஞ்சம் நெருக்கமாகச் சொல்லும். மேல்தளத்தைத் தாங்கும் இரும்புத் தீராந்திகளின் நடுத்தகட்டில் உருட்டிய ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கும்; டோர்மன் லோங் என்ற பெயர் இலங்கையின் பழைய கட்டிடங்களில் கண்டு பழகியது. கம்பித் தூரிகையால் துருவைத் துடைத்து, சோக்குக் கட்டியைப் பக்கவாட்டில் தேய்த்து, ரோச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் எழுத்து எழும்பும். தண்டவாளத் துண்டைத் தீராந்தியாகப் பாவித்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தண்டவாளத்தில் ஆலைப் பெயரோடு உருட்டிய ஆண்டும் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு கட்டிடத்தின் ஆண்டு அல்ல. 'இதற்கு முன்னர் அல்ல' என்ற எல்லை மட்டுமே. பாதையில் பல பத்தாண்டுகள் கிடந்த பிறகுதான் தண்டவாளம் கடைக்கு வரும். 1990இல் வடக்கு ரயில் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. அங்கிருந்து கட்டிடங்களுக்கு வந்தவையும் உண்டு.

கொங்கிறீற் தட்டு வெடித்துக் கம்பி தெரிந்தால் கம்பியைப் பாருங்கள். வழுவழுப்பான உருண்டைக் கம்பி பழையது. முறுக்குக் கம்பி என்றால் 1960களுக்கு முன்னே போக வேண்டாம். உங்கள் பொறியியலாளர் 1950களுக்குப் பிந்தியது என்றது இந்தத் தட்டைப் பார்த்துத்தான் என்றால், அவர் மேல்தளத்துக்குச் சரியாகச் சொன்னார். பலகைத் தளம் இருந்த இடத்தில் கொங்கிறீற் போட்டிருக்கிறார்களா என்பதைச் சுவரில் தேடுங்கள்: பழைய பனந்தீராந்திகள் இருந்த குழிகள் ஒரே மட்டத்தில், ஒரே இடைவெளியில், கல்லால் அடைபட்டு வரிசையாகத் தெரியும்.

அடுத்தது போர் விட்ட அடுக்கு. யாழ்ப்பாணக் கட்டிடத்தின் வரலாற்றில் இதை ஒரு வரியில் தாண்டிவிடக் கூடாது. 1977 ஆகஸ்ட் வன்முறையில் பழைய சந்தை எரிக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் பொதுநூலகமும் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் கடைகளும் எரிந்தன. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் சண்டை. 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை கோட்டை முற்றுகை. கோட்டையைச் சுற்றிய தெருக்கள் குண்டுவீச்சிலும் ஷெல்லிலும் சிதைந்தன. 1990 ஒக்டோபர் இறுதியில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களது கடைகள் ஒரே நாளில் ஆளில்லாமல் போயின. 1995 ஒக்டோபர் 30இல் ஊரே இடம்பெயர்ந்தது. 1996இல் திரும்பியவர்கள் பல கட்டிடங்களில் கூரையும் கதவும் இல்லாமல் சுவர்களை மட்டுமே கண்டார்கள். 2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து, 2006இல் மூடி, 2009இல் மீண்டும் திறந்தது.

இந்த ஆண்டுகளைச் சுவரில் வாசிக்கலாம். தீப்பட்ட சுண்ணாம்புக்கல்லும் கொங்கிறீற்றும் ஏறக்குறைய 300 பாகை செல்சியசில் இளஞ்சிவப்பு நிறம் கொள்ளும். அந்த நிறம் ஆறிய பிறகும் மாறாது. பூச்சுக்குப் பின்னால் ஒரு மட்டத்துக்கு மேலே கல் சிவந்திருந்தால் உள்ளே நெருப்பு எரிந்திருக்கிறது. 800 பாகைக்கு மேல் போனால் கல்லே சுட்ட சுண்ணாம்பாகி, பின்னர் மழை ஈரத்தில் பொடியும். இரும்புத் தீராந்தி நடுவில் தொய்ந்து நின்றால் அதுவும் வெப்பத்தின் வேலைதான். 550 பாகையளவில் உருக்கு தன் வலுவில் ஏறக்குறைய அரைவாசியை இழந்துவிடும். அப்படித் தொய்ந்த தீராந்தியின் கீழ் யாரையும் வேலைக்கு விடாதீர்கள், முதலில் முட்டுக்கொடுங்கள். ஷெல் துளைத்த இடம் கல்லுச் சுவரின் நடுவே சீமெந்துக் கல்லால் அடைத்த ஒழுங்கற்ற வட்டமாகத் தெரியும். சுற்றிலும் சிதறல் குழிகள் இருக்கும்.

ஒரு பயனுள்ள குறிப்பு: 1990 முதல் 1995 வரை சீமெந்தும் இரும்பும் குடாநாட்டுக்குள் வரத் தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் புதிய கொங்கிறீற் தட்டுப் போட்டதாக யாராவது சொன்னால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அந்தக் காலத் திருத்தங்கள் கழற்றிய கல், பழைய மரம், தகரம் என்றே இருக்கும். புதுச் சீமெந்துப் பூச்சு பெரிய பரப்பில் வந்தால் அது பெரும்பாலும் 1996க்குப் பிந்தியது, 2002க்குப் பிந்தியதாக இருக்க இன்னும் கூடிய வாய்ப்புண்டு.

இப்போது கடதாசி. கைவசமுள்ள கடைசி உறுதியை எடுங்கள். அதில் முந்திய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதி அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசின் பெயர் இருக்கும். அதைப் பிடித்து அதற்கு முந்தியது, அதற்கு முந்தியது என்று பின்னோக்கிப் போங்கள். வழக்கமாக வாங்குபவருக்காக 30 ஆண்டு தேடுவார்கள்; வரலாற்றுக்கு அது போதாது, எவ்வளவு முடியுமோ அவ்வளவு போக வேண்டும். காணி உறுதிகள் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்ற சட்டம் 1840இலிருந்து இருக்கிறது. பதிவு 1860களிலிருந்து வருகிறது. இப்போதைய முறை 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி, காணிக்கென ஒதுக்கிய, போலியோ (folio) எனப்படும் பதிவேட்டுப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்வது. ஒரு பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதியின் பக்க எண்ணைக் குறித்துவிட்டு நகரும். அந்தக் குறிப்பைத் தவறவிட்டால் சங்கிலி அறுந்தது போலத் தோன்றும். உண்மையில் அடுத்த தொகுதிக்குப் போயிருக்கும்.

வீட்டிலிருந்த உறுதி எரிந்துவிட்டது, இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப்பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அந்தப் பிரதியைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

உறுதியில் தேட வேண்டியது எல்லைக்குப் பிறகு வரும் அட்டவணை வரி. ஓர் உறுதியில் வெறும் காணி, பரப்பும் குழியும் மட்டும் இருக்கும். அடுத்ததில் 'கல்வீடு, கடையறை, கிணறு உட்பட' என்று வரும். அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில்தான் கட்டிடம் எழுந்தது. அடுத்த உறுதியில் 'மேல்மாடி' சேர்ந்தால் அதற்கும் அதே கணக்கு. ஆனால் எழுதுபவர் பழைய அட்டவணையை அப்படியே பார்த்து எழுதிவிடும் பழக்கம் உண்டு. கட்டிடம் வந்து இருபது ஆண்டு கழிந்தும் உறுதியில் வெறுங்காணியாகவே இருக்கும். எனவே உறுதியில் கட்டிடம் வந்துவிட்டால் அது இருந்தது நிச்சயம். வராவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அளவை மாற்றிப் பார்க்க: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர், அதாவது ஒரு பரப்புக்கு 10 பேர்ச். எல்லைகளில் வரும் அயலவர் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடையின் உறுதியில் உங்கள் பூட்டன் எந்த ஆண்டு முதல் எல்லைக்காரராக வருகிறார் என்பது உங்கள் உறுதியைவிடத் தெளிவாகப் பேசலாம்.

சீதன உறுதிகளைத் தனியாகப் பாருங்கள். நமது ஊரில் கடையும் சீதனமாகப் போயிருக்கிறது. அப்போது வந்த பெயர் மாற்றத்தைக் குடும்பக் கதை மறந்துவிடும். பிரிபடாத பங்குகளாகக் கைமாறியிருந்தால் ஒரே கட்டிடத்துக்கு நாலு போலியோக்கள் இருக்கலாம். அப்படியான காணிக்கு எப்போதாவது பிரிவினை வழக்கு நடந்திருந்தால் அதுதான் மிகப் பெரிய பேறு. நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் படம் வரைந்து, காணியிலுள்ள ஒவ்வொரு கட்டிடத்தையும் கிணற்றையும் குறித்து, அதை யார் கட்டியதாக உரிமை கோருகிறார் என்றும் அறிக்கை எழுதியிருப்பார். மரணித்தவரின் சொத்து வழக்குகளிலும் இருப்புப் பட்டியல் இருக்கும். 1990இல் வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் பெயர் சங்கிலியில் வந்தால், அதற்குப் பிந்திய கைமாற்றத்தை மிகக் கவனமாக வாசியுங்கள். அந்தக் குடும்பத்தோடு பேசாமல் வரலாறு எழுதி முடிக்காதீர்கள். போரினால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக, நீண்டகாலம் வைத்திருந்ததைக் காட்டிக் கோரும் ஆட்சிக்கால உரிமை ஓடாதபடி 2016இல் விசேட சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

மாநகரசபையில் ஆதனவரிப் பதிவேட்டைக் கேளுங்கள். வருடப் பெறுமதி திடீரென்று பாய்ந்த ஆண்டு, கட்டிடம் பெருத்த ஆண்டு. வரி இலக்கங்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும் என்பதால், இலக்கத்தை மட்டும் நம்பாமல் உரிமையாளர் பெயரையும் அயல் இலக்கங்களையும் சேர்த்துப் பிடியுங்கள். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பின் கட்டிட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதிப்படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நவீன சந்தை போலச் சபைக்குச் சொந்தமான கடைத்தொகுதி என்றால் உறுதி வழி போவதில் பயனில்லை. சபைக் கூட்டக் குறிப்புகளும் குத்தகைப் பத்திரங்களுமே வழி.

விளம்பரங்களையும் விட்டுவிடாதீர்கள். உதயதாரகை 1841இலிருந்து, இந்துசாதனம் 1889இலிருந்து, ஈழகேசரி 1930இலிருந்து வந்தன. இவற்றோடு கோயில் கும்பாபிஷேக மலர்களும் கல்லூரி மலர்களும் கடைக்காரரின் விளம்பரத்தால்தான் அச்சேறின. நூலகம் நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் இவற்றில் ஏராளம் இருக்கிறது. விளம்பரத்தில் முகவரி, தொலைபேசி இலக்கம், சில வேளை கடை முகப்பின் படம்கூடக் கிடைக்கும். தொலைபேசி இலக்கத்தில் எண்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு பழையது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள்: அத்திவாரமும் பின்சுவரும், கூரை, முகப்பு, மேல்தளம், தீ, திருத்தம். ஒவ்வொன்றுக்கும் 'இதற்கு முன்னர் அல்ல', 'இதற்குப் பின்னர் அல்ல' என்று இரண்டு எல்லை போடுங்கள். இடைவெளி பத்து ஆண்டாக இருந்தால் பத்து ஆண்டு என்றே எழுதுங்கள். உங்கள் கேள்வியில் உள்ளதைக் கொண்டு சொல்வதானால், 1890 தொழிலுக்கும் காணிக்கும், 1936 முகப்புக்கும், 1950கள் தளத்துக்கும் உரியவையாக வருவதற்கு நிறைய வாய்ப்புண்டு. பின்சுவர் முகப்புக்கு மூத்ததா என்பதே நீங்கள் தீர்க்க வேண்டிய ஒரே பெரிய கேள்வி.

இடிக்கத்தான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள், ஏனென்றால் இடிக்கச் சொல்லும் காரணம் பல இடங்களில் தவறான திருத்தம்தான். கல்லுச் சுவருக்குச் சீமெந்து பூசி எமல்ஷன் அடித்தால் நிலத்திலிருந்து ஏறும் உவர் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே உப்பாகப் படிந்து, பூச்சைத் தகடுதகடாகத் தள்ளும். 'சுவர் உக்கிவிட்டது' என்பார்கள். உக்கியது பூச்சு, கல் அல்ல. சீமெந்தை உளியால் மெதுவாக எடுத்து, சுவரைச் சில மாதம் காயவிட்டு, மீண்டும் சுண்ணாம்பே பூச வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு குறைந்தது மூன்று கிழமை தண்ணீரில் ஊற வேண்டும், மூன்று மாதம் ஊறினால் மிக நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மணலை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும், கழுவிய மணலைக் காயவிட்டால் வெள்ளைப் பொருக்கு வரக்கூடாது. ஒரு பூச்சு 10 முதல் 12 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல், பூசுமுன் சுவரை நனைத்து, பூசியபின் ஒரு கிழமைக்கு மேல் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் பூசினால் சாந்து இறுகுமுன் காய்ந்து மயிர்வெடிப்பு விழும்.

கொங்கிறீற் தட்டு வேறு கதை. உவர்நீர்க் கிணற்றுத் தண்ணீரிலும் கழுவாத மணலிலும் குழைத்த தட்டில் கம்பி துருப்பிடித்து, இரண்டு மடங்குக்கும் மேல் பருத்து, கீழ்ப்பக்கத்தை வெடிக்கவைக்கும். சுத்தியலால் தட்டும்போது பொத்தல் சத்தம் பரவலாகக் கேட்டால் அந்தத் தட்டைக் காப்பாற்ற முயலாமல் எடுத்துவிடுவதே நல்லது. தட்டு போனாலும் பழைய கல்லுச் சுவர் பெரும்பாலும் நிற்கும்.

இடிப்பது என்று முடிவானால், அதற்கு முன்னர் ஒவ்வொரு அறையையும் நீள அகல உயரத்தோடு அளந்து கையால் ஒரு படம் வரையுங்கள். நாலு திசையிலும் நேராக நின்று, அளவுகோல் ஒன்றைச் சுவரில் சாய்த்துப் படமெடுங்கள். ஆலைப் பெயருள்ள ஓடு ஒன்று, முத்திரையுள்ள தீராந்தித் துண்டு, வெவ்வேறு சுவரிலிருந்து கைப்பிடியளவு சாந்து, தவாளிப்புள்ள படிக்கல், இவற்றை இடத்தின் பெயரெழுதி எடுத்து வையுங்கள். எழுதியதன் பிரதி ஒன்றைப் பொதுநூலகத்துக்கும் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். இடிப்பவர் கழிவுப் பொருளைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு என்றால், பனந்தீராந்தி, தேக்குப் பலகை, பெயர் பொறித்த இரும்பு ஆகியவை உங்களுக்கே உரியவை என்றும், அத்திவாரம் தோண்டும் நாளில் நீங்கள் வந்து பார்க்கும்வரை கல்லை ஏற்றக்கூடாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பழைய அத்திவாரத்தின் கீழே இன்னொரு பழைய சுவரின் அடி தெரிந்தால், அதன் போக்கையும் தடிப்பையும் அளந்து உங்கள் படத்தில் சேர்த்த பிறகே லொறியை விடுங்கள்.